தொங்கக்கையும் மெய்யும்

திருமலையில் தரிசனம் முடித்து, கொடுத்து வைத்திருந்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கோயிலுக்கு எதிரே நானும் நைனாவும் வந்து நின்றோம். சுற்றி நின்ற எல்லாரும் கோபுரத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, "கோவிந்தா!" என்றார்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பமே மொட்டை. தலைகளில் ஈரச் சந்தனம். நைனா வைத்திருந்த பையில் லட்டுகள். நெய்யும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை.

நானும் கைகளைத் தூக்கினேன். என் இடக்கை தானாகப் போகும். வலக்கை போகாது, தோளிலிருந்து சும்மா தொங்கும். அதனால் கோயிலில் எனக்கென்று ஒரு முறை உண்டு. இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, பொட்டலத்தைத் தூக்குவதுபோல மேலே தூக்கிவிடுவேன். எதிரிலிருந்து பார்த்தால் இரண்டு கையாலும் நன்றாகக் கும்பிடுகிற மாதிரியே இருக்கும்.

"அப்டியே நில்லு பாப்பா, ஒரு போட்டோ புட்ச்சிக்கறேன்" என்றார் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.

"கை வலிக்குது நைனா. சீக்கிரம்."

"இன்னா அவசரம்? சாமி எங்க எழுந்து ஓடிடப் போவுது?"

சாமியிடம் எனக்கு லேசான சந்தேகம் எப்போதும் உண்டு. கையைச் சரியாகக் கொடுக்காதவரிடம் போய்க் காலுக்கு எதற்கு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று. ஆனால் மறு வாரம் வெளிநாட்டில் ஊனமுற்றோர் ஓட்டப் போட்டி. அந்த மாதிரி சமயத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று தூக்கினேன். அந்தப் படம் என் ஓட்டத்துக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று தெரிந்திருந்தால், கும்பிடாமல் லட்டோடு இறங்கி வந்திருப்பேன்.

பெயர் வந்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் ஸ்பைக் ஷூவை யார் எடுத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகி, "நீங்கள் ஏன் எல்லாரையும் சந்தேகப்படுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

காரணம் இருக்கிறது அம்மா. நான் பிறக்கும்போது இழுத்த இழுப்பில் தோள் நரம்பு அறுந்துவிட்டது. கை இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, வளையல் போட்டால் அழகாகக்கூட இருக்கும். வேலை மட்டும் செய்யாது. பஸ்ஸில் ஊனமுற்றோர் சீட்டில் உட்கார்ந்தால், நின்றுகொண்டிருப்பவர்கள் என் கால்களைப் பார்ப்பார்கள், கண்களைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். எல்லாம் இருக்கிறதே, இவளுக்கு என்ன என்று முகத்தில் எழுதியிருக்கும். பிறந்ததிலிருந்து சந்தேகப்படுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவள் நான். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிக்குப் பக்கத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். ஊரில் என்னைத் தொங்கக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கேலி ஒன்றும் இல்லை. எதிர் வீட்டில் ஒருவர் பூனைக்கண்ணு, கடைக்காரர் மூக்கரு, நான் தொங்கக்கை. நைனாவே தெருமுனையிலிருந்து, "ஏ தொங்கக்கை, சோறு துன்ன வா" என்று கூப்பிடுவார். நான் ஓடிவருவேன்.

வம்பு எங்கே என்றால், தெலுங்கிலும் 'தொங்க' என்று ஒரு சொல் இருக்கிறது. தோட்டத்துக்குச் சொல்கிற 'தோ'வைக் குறுக்கிச் சொன்னால் அது தமிழ், தொங்குவது. தோசைக்குச் சொல்கிற 'தோ'வைக் குறுக்கிச் சொன்னால் அது தெலுங்கு, திருடன். போலி என்றும் அர்த்தம். பொய்யாக அழுதால் தொங்க அழுகை, பொய்ச் சாமியார் தொங்கச் சாமியார்.

சின்ன வயதில் ஊனச் சான்றிதழுக்காகச் சித்தூரில் நடந்த ஒரு முகாமுக்கு நைனா என்னை அழைத்துப்போனார். வெயில், கூட்டம், பந்தலுக்குள் பினாயில் நாற்றம். மேசையில் இருந்தவர் தெலுங்கில், "என்ன குறை?" என்று கேட்டார். நைனா பதற்றத்தில் தமிழிலேயே சொன்னார்.

"தொங்கக்கை சார்."

மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "தண்ட்ரே செப்துன்னாடு, தொங்க அனி!" அப்பனே சொல்கிறான், போலி என்று. மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டாக்டர் வந்து கையைத் தூக்கிப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். நகரி வரைக்கும் பஸ்ஸில் நான் நைனாவோடு பேசவில்லை.

பேரிலேயே உண்மை

மெய்யை நான் முதலில் பார்த்தது கிழக்கே ஒரு நாட்டில், தூறல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு மைதானத்தில். சீனக்காரி. அவளுக்கு இடக்கை தொங்கும், எனக்கு வலக்கை. அதனால் இரண்டு பேரும் ஒரே பிரிவு.

அவள் பெயர் பலகையில் ஆங்கிலத்தில் வந்தது. எழுத்துக் கூட்டி 'மெய்' என்று படித்தேன். தமிழில் அதற்கு உடம்பு என்றும் உண்மை என்றும் அர்த்தம் என்று அவளுக்கு யார் சொல்வது? பேரிலேயே உண்மையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை நம்பக் கூடாது என்பது என் கட்சி. 'சத்தியமாகச் சுத்தமான தேன்' என்று போர்டு வைத்த கடையில் என் அம்மா தேன் வாங்கமாட்டாள்.

துப்பாக்கி வெடித்தது. நான் தலையை நிமிர்த்துவதற்குள் அவள் போய்விட்டாள். ஒரு கையோடு யாராலும் அப்படிக் கிளம்ப முடியாது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கை நிஜமாகவே தொங்குகிறதா? துண்டு வாங்கும்போது, தண்ணீர் குடிக்கும்போது, ஜாக்கெட்டைக் கழற்றும்போது அவளையே பார்த்தேன். எங்கள் உலகத்தில் இது சகஜம். கால் ஊனமான ஓட்டக்காரர்கள் மற்றவர் காலைப் பார்ப்பார்கள். கை இல்லாத நாங்கள் மற்றவர் கையைப் பார்ப்போம்.

அதற்குப் பிறகு அவள் போன இடமெல்லாம் நான் போனில் பின்னாலேயே போனேன். சீன மொழிப் பேட்டிகள். கீழே ஆங்கில வரிகளை எந்திரம் போட்டிருக்கும். சின்ன வயதில் வீட்டு நெல் அடிக்கும் மிஷினின் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவள் ஓடுவதைப் பார்த்த மாகாண அணிக்காரர் விடுதிக்கு அழைத்துப் போனார். வீட்டுக்கு வருவது புத்தாண்டுக்கு மட்டும். பிறகு தங்கம், திரும்பத் தங்கம், உலகத்திலேயே பெரிய மேடையிலும் தங்கம். நடுவில் தொடைத் தசை கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் படுத்திருந்தாள். எழுந்து வந்து மறுபடி தங்கம்.

ஒரு பேட்டியில் அவளுடைய பயிற்சியாளர் பேசும்போது, "இந்தப் பெண் நிறையக் கசப்பைத் தின்றாள்" என்று வரி ஓடியது. பாகற்காயா, மருந்தா? நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஊக்க மருந்தை இப்படி நாசூக்காகச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கஷ்டப்பட்டாள் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது, அதை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தொங்குகிற கை ஓடும்போது சும்மா இருக்காது. அலையும், உடம்பைத் தன் பக்கம் இழுக்கும். மெய் அந்தக் கையை அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொள்வாள். நேர் ஓட்டத்தில் நிற்கும். இருநூறு மீட்டர் வளைவில் மட்டும் நழுவி வெளியே வந்து ஆட ஆரம்பிக்கும். வயது ஏற ஏற அந்த ஆட்டம் அவளைப் பின்னுக்கு இழுத்தது. வளைவில் அவளைப் பிடித்துவிடலாம் என்று எல்லாருக்கும் ஆசை வந்தது, எனக்கும்.

என் கை நழுவாது. அதற்குக் காரணம் நைனா. அவர் நகரியில் விசைத்தறித் துண்டுக் கட்டுகளை மொபெட்டில் ஏற்றிக் கடைகளுக்குப் போடுகிறவர். ஒரு கையால் வண்டியைத் தாங்கிக்கொண்டே இன்னொரு கையாலும் பல்லாலும் கட்டை இறுக்குவார். இழுக்க இழுக்க இறுகும். நுனியைப் பிடித்து உருவினால் ஒரே வினாடியில் அவிழும். நான் ஓட ஆரம்பித்தபோது ஒரு துண்டை நீளவாக்கில் கிழித்து, என் முழங்கையை இடுப்போடு சேர்த்து அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார். "கட்டுதானே பாப்பா, துணிக்கட்டா இருந்தா இன்னா, கையா இருந்தா இன்னா" என்றார்.

புகார்

திருமலையில் கும்பிட்டுவிட்டுப் போன அந்தப் போட்டியில், முந்தின நாள் மாலை பயிற்சி மைதானத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். துணியின் ஒரு நுனி பல்லில். நிமிர்ந்தால், எதிர்ப் பக்கத்தில் மெய் நிற்கிறாள். வலக்கையில் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்திருக்கிறாள். போன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்ததும் போனைத் தாழ்த்திக்கொண்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் அணியின் மேனேஜர் பிரசாத் சார் போன் செய்தார். பலமனேர்க்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேச வராது. தெலுங்கில் சொன்னார். என் கை நன்றாகத்தான் இருக்கிறது, நான் நடிக்கிறேன் என்று புகார் போயிருக்கிறது. கூடவே ஒரு படம். மத்தியானம் பரிசோதனைக் குழு என்னை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறது.

மறுபடி என்றால் என்ன என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும். "இவள் எந்தப் பிரிவிலும் சேரமாட்டாள்" என்று அவர்கள் எழுதிவிட்டால் அன்றைய ஓட்டம் மட்டும் போகாது. இதுவரை ஓடினது எல்லாம் பொய் என்றாகும். திருப்பதியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைக்குக் கேள்வி வரும். ஊர் வைத்த பேர் உறுதியாகிவிடும், தெலுங்கு அர்த்தத்தில்.

படம் என்றதும் எனக்கு ஒரே ஆள்தான் கண்ணில் நின்றாள். காலில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். மெய் ஒரு கோப்பையில் கஞ்சி மாதிரி எதையோ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்னைப் படம் பிடித்தாய்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. போனை எடுத்து, என் முன்னால் நீட்டி, பேசச் சொன்னாள். பேசினேன். போன் அவளுக்குச் சீனத்தில் சொன்னது. அவள் போனிடம் நீளமாக ஏதோ பேசினாள். போன் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னது ஒரே வரி.

"உன் கயிறு நன்றாக இருக்கிறது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் கயிறு திரிக்கிறேன் என்கிறாளா? பொய் சொல்கிறவளை எந்த ஊரிலும் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் வேறு என் இடுப்பைக் காட்டி, விரலால் ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். "இன்னிக்கு ஓடும்போது பாரு, யாரு திரிக்கறதுன்னு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

வாசலில் பிரசாத் சார் வந்துகொண்டிருந்தார். போனைத் திறந்து படத்தைக் காட்டினார்.

கோபுரம். மொட்டைத் தலைகள். நடுவில் நான், இரண்டு கைகளும் தலைக்கு மேலே.

அது மெய் எடுத்த படம் இல்லை. நைனா எடுத்தது. நைனா அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, மேலே பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறார்.

ஒரு எழுத்து

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நைனாவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது. அவர் படித்த கொஞ்சம் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். அதனால் தமிழை அவர் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவார். எங்கள் பக்கத்தில் அப்படி எழுதுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. நான் தமிழ் எழுத்து கற்றது திருத்தணியிலிருந்து சித்தி கொண்டுவரும் வாரப் பத்திரிகைகளில்.

'எங்க தொங்கக்கை பாப்பா ஓடி ஜெயிக்கப் போவுது' என்று நைனா எழுத நினைத்திருக்கிறார். தமிழில் ஒரே ஒரு 'த'. தெலுங்கில் தோட்டத்துக்கு ஒரு எழுத்து, தோசைக்கு ஒரு எழுத்து. போன் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த தெலுங்குச் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறது. நைனா அதையே தட்டியிருக்கிறார். தெலுங்கு படிக்கிற யாருக்கும் அங்கே தெரிவது: 'எங்கள் போலிக்கைப் பாப்பா ஓடி ஜெயிக்கப் போகிறது'.

"மீ நாயனே ராசினாடு கதம்மா" என்றார் பிரசாத் சார். உங்க அப்பாவே எழுதியிருக்காரே.

"சார், அது தமிழ் சார். தொங்குற கை சார். உங்களுக்குத் தெரியாதா?"

தனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். சித்தூர் முகாமில் மேசைக்குப் பின்னால் சிரித்தவர்களின் ஞாபகம் வந்தது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. நைனாவின் ஸ்டேட்டஸ் சீனாவுக்குத் தெரியாது. நைனா போனில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர்கள், தறிக்காரர்கள், கடைக்காரர்கள், திருப்பதியில் என்னோடு ஓடுகிற ஒரு பெண்ணின் அப்பா. பிரசாத் சார் நம்பர்கூட நைனாவிடம் இருக்கிறது. எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட யாரோ ஒருவர்தான் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார். சீனக்காரி அனுப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

யார் என்று இன்றுவரை தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது, "கை எப்டி கீது பாப்பா?" என்று அன்பாகக் கேட்டால், இவரா என்று கண்ணைப் பார்க்கிறேன். அனுப்பியவர் இந்த வாரம் இதைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். படியுங்கள்.

நைனாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. தமிழ் எழுத்து தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். அவர் தாங்கமாட்டார்.

அறைக்குள் கோவிந்தா

பரிசோதனை அறையில் ஏசி குளிர். உயரமான ஒரு டாக்டரம்மா, பக்கத்தில் இன்னொருவர். பிரசாத் சார் ஓரத்தில் நின்றார். என் தோளை அழுத்தினார்கள், முழங்கையை மடக்கினார்கள், விரல்களைப் பிரிக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா கையை உயரத் தூக்கி, சொல்லாமல் விட்டார். அது தொடையில் வந்து விழுந்தது. இன்னொரு முறை தூக்கி விட்டார். மறுபடி விழுந்தது.

பிறகு படத்தை நீட்டினார். இது எப்படி என்பதுபோலப் பார்த்தார்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். தலைக்கு மேலே தூக்கினேன். என்ன தோன்றியதோ, திருமலையில் நிற்கிற மாதிரியே சத்தமாக, "கோவிந்தா!" என்றேன்.

ஓரத்தில் நின்ற பிரசாத் சாரின் வாயிலிருந்து தானாகவே, "கோவிந்தா!" என்று வந்துவிட்டது. இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்விட்டன. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது அப்படித்தான். ஒருவர் சொன்னால் இன்னொருவரால் சும்மா இருக்க முடியாது.

டாக்டரம்மா என் பின்னால் வந்து நின்றார். என் இடது விரல்களை மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வலக்கை மேலேயிருந்து விழுந்து என் காதில் அடித்தது. அவர் தடவிக்கொடுத்தார். அந்தத் தடவலில் எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்தான். எதிர்க் கட்சி என்று நினைத்திருந்த பிரசாத் சாரும் மூக்கை உறிஞ்சினார். அவரை என் சந்தேகப் பட்டியலில் கொஞ்சம் கீழே இறக்கினேன். முழுசாக எடுக்கவில்லை.

ஓடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வளைவு

அன்று சாயங்காலமே இருநூறு மீட்டர். கட்டுப் போட்டுக்கொண்டேன். பக்கத்துப் பாதையில் மெய். வளைவில் நான் எதிர்பார்த்தபடியே அவள் கை நழுவி வெளியே வந்தது. அவள் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. கை ஆடஆட, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மூன்றாவதாக வந்தாள். நான் நான்காவது. நான்காவதாக வருகிறவள் மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்து நின்றேன். மெய் வந்து எதிரில் நின்றாள். கையை நீட்டி, என் இடுப்பில் தொங்கிய துணி நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினாள். முடிச்சு அவிழ்ந்து என் கை கீழே விழுந்தது. அவள் கண்கள் விரிந்தன. குழந்தை மாதிரி சிரித்தாள்.

என்ன திமிர் என்று நினைத்தேன். தோற்றவளின் துணியை எதற்கு உருவுகிறாள்? துண்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். நேற்று அவள் படம் பிடித்தது எதற்கு என்ற கேள்வியும் அப்படியே கிடந்தது.

ரெண்டு பாஷை

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வேர்க்கடலை வேகவைத்துக் கொட்டியிருந்தாள். உப்புத் தண்ணீர் விரலெல்லாம். போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நானும் நைனாவும் உட்கார்ந்தோம். மெய்யின் கடைசி சீசன் அது. இதோடு நிறுத்திக்கொள்ளப் போகிறாள் என்று சொல்லியிருந்தார்கள். நைனா மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கிற ஆள் இல்லை. கடலைக்காக உட்கார்ந்திருந்தார்.

வீராங்கனைகள் வந்தார்கள். மெய் வந்தாள், முகத்தில் கொஞ்சம் வயது தெரிந்தது. கேமரா அவள் மேலிருந்து கீழே இறங்கியது. நைனா வாயில் போட்ட கடலையை மெல்லாமல் நிறுத்தினார்.

"ஏ பாப்பா. இன்னாது அது?"

மெய்யின் இடக்கை இடுப்பில் செருகியிருக்கவில்லை. கட்டியிருந்தது. சிவப்புத் துணி, முழங்கைக்கு மேலே ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று, ஓரத்தில் ஒரு முடிச்சு, கீழே தொங்குகிற நுனி. கண்ணாடியில் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"நம்ம கட்டு!" என்றார் நைனா. "மொபெட்டுல நான் போட்டுக்கினு போறேனே, அதே முடிச்சு! சீனாக்காரிக்கு யாரு பாப்பா சொல்லிக் கொடுத்தது?"

பெஞ்சில் அவள் பிடித்த போன், உன் கயிறு நன்றாக இருக்கிறது, விரலால் சுற்றிக் காட்டியது, நுனியை உருவிப் பார்த்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இவள் என்னவோ செய்கிறாள் என்று நான் சந்தேகப்பட்டது சரிதான். திருடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

துப்பாக்கி வெடித்தது. இருநூறு மீட்டர், எடுத்ததுமே வளைவு. எனக்குத் தெரியாமலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன். கை நழுவவில்லை. தோள் சாயவில்லை. வளைவிலிருந்து அவள் வெளியே வந்தபோது பக்கத்தில் யாருமே இல்லை. நைனா கடலை ஓட்டைத் தரையில் தட்டித் தட்டி, "புட்றா, புட்றா, இறுக்கிப் புட்றா!" என்று கத்தினார். முடிச்சைத்தான் சொன்னார்.

கோட்டைத் தாண்டி நின்றவள் கேமராவைப் பார்த்தாள். நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. கை அவிழ்ந்து விழுந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இந்த முறை பிடித்திருந்தது. மனசு நிறைந்து போயிருந்தது எனக்கு, அதை மறைப்பானேன்.

நைனா உப்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விழுந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பொண்ணும் தொங்கக்கைதானா பாப்பா?"

"ஆமா நைனா" என்றேன். "ரெண்டு பாஷையிலயும்."